ஒன்பது பேர் ஒரு பக்கம், ஃபெராரி மறுபக்கம்: ஃபார்முலா ஒன்னின் டெஸ்டிங் சண்டை

2004 அக்டோபர். பிரேசிலின் இன்டர்லாகோஸில் அந்த வருடத்தின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். அங்கே வைத்து, அப்போதிருந்த பத்து அணிகளில் ஒன்பது அணிகள் சேர்ந்து ஒரு யோசனையை வெளியிட்டன. செலவு தாங்க முடியவில்லை, டெஸ்டிங்கை வெட்டிக் குறைப்போம் என்பதுதான் அதன் சாரம். சேராத பத்தாவது அணி ஃபெராரி. அந்த வருடத்தின் 18 பந்தயங்களில் 15-ஐ வென்றிருந்த அணி.

மேலோட்டமாகப் பார்த்தால் கதை எளிது. பணக்காரன் செலவைக் குறைக்க மாட்டேன் என்கிறான், மற்றவர்கள் கெஞ்சுகிறார்கள். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் படித்துக்கொண்டு போனேன். ஆனால் அந்தக் காலகட்டத்துச் செய்திகளையும் விதிகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. "செலவைக் குறைப்போம்" என்று யாராவது சொன்னால், யாருடைய செலவை என்று கேட்கவேண்டியிருக்கிறது.

முதலில் டெஸ்டிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பந்தய வார இறுதியில் ஓடுவது போக, நடுவில் இருக்கும் நாட்களில் அணிகள் தாங்களாகவே ஒரு டிராக்கை வாடகைக்கு எடுத்து காரை ஓட்டிப் பார்ப்பார்கள். புது இறக்கை வேலை செய்கிறதா, கியர்பாக்ஸ் 300 கிலோமீட்டர் தாங்குமா, எந்த டயர் எத்தனை சுற்றுக்குப் பிறகு தேய்கிறது, எல்லாம் அங்கேதான் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் இது தனிப் படையாகவே வளர்ந்துவிட்டது. பந்தயத்துக்குப் போகும் குழு ஒன்று. டெஸ்டிங்குக்கு மட்டும் தனி மெக்கானிக்குகள், தனி எஞ்சினியர்கள், தனி லாரிகள், தனி ஓட்டுநர்கள் என்று இன்னொரு குழு. பந்தயக் குழு மலேசியாவில் இருக்கும்போது டெஸ்ட் குழு பார்சிலோனாவில் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின்கள் அப்போது மிகக் குறைந்த தூரம் ஓடுவதற்கே வடிவமைக்கப்பட்டவை. ஆக, டெஸ்டிங்கில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் காசு.

ஃபெராரிக்கு இதில் யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருந்தது. மாரனெல்லோ தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஃபியோரானோ என்ற சொந்த டிராக், 1972-ல் கட்டியது, சுமார் 3 கிலோமீட்டர் சுற்று. மழையில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், டிராக்கில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு உண்டு. அது போதாதென்று 1988-ல் டஸ்கனியில் இருக்கும் முஜெல்லோ டிராக்கையும் வாங்கிவிட்டார்கள். 5.245 கிலோமீட்டர், வேகமான வளைவுகள், நிஜமான பந்தய டிராக். காலையில் தொழிற்சாலையில் செய்த ஒரு பாகத்தை மதியம் காரில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஷூமாக்கர் அலுக்காமல் ஓட்டினார், அவருக்குப் பின்னால் லூகா படோயர் என்ற டெஸ்ட் ஓட்டுநர் வருடக்கணக்கில் ஓட்டினார். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.)

மென்பொருள்காரனாக எனக்கு இது உடனே புரிகிற விஷயம். கோடு எழுதியவுடன் ஓட்டிப் பார்க்க முடிகிற டீமும், வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் சர்வர் கிடைக்கிற டீமும் ஒரே வேகத்தில் வேலை செய்யவே முடியாது. இரண்டு பக்கமும் திறமைசாலிகள் இருக்கலாம், ஆனால் ஒருவருக்குப் பதில் உடனே வந்துவிடுகிறது.

2004-க்கு முன்பே ஒரு நல்ல பரிசோதனை நடந்திருக்கிறது. அதிகம் பேசப்படாதது. 2003 சீசனுக்கு அணிகளுக்கு ஒரு பேரம் வைக்கப்பட்டது: சீசன் நடுவே தனியார் டெஸ்டிங்கை 10 நாளாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், பந்தய வார வெள்ளிக்கிழமை காலை அந்த டிராக்கிலேயே இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டிக்கொள்ளலாம். ரெனோ, ஜாகுவார், ஜோர்டான், மினார்டி ஆகிய நான்கும் எடுத்துக்கொண்டன. ஃபெராரி, வில்லியம்ஸ், மெக்லாரன் எல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன ஆனது? பிரேசிலில் ஜோர்டானின் ஃபிசிகெல்லா வென்றார். ஹங்கேரியில் ரெனோவின் அலோன்சோ வென்றார், அவரது முதல் வெற்றி. பிரேசில் பந்தயம் மழையும் விபத்துமாகக் கலங்கிப்போன ஒன்று, அதை இதில் சேர்ப்பது நியாயமில்லை. ஆனால் அலோன்சோவின் வெற்றி சுத்தமானது. டெஸ்டிங்கைக் குறைத்தால் கார் செத்துவிடும் என்ற பயம் பொய் என்பதற்கு ரெனோ நல்ல சாட்சி.

சரி, 2004-க்கு வருவோம். அந்த செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி ஜாகுவார் அணியையும் காஸ்வொர்த் எஞ்சின் நிறுவனத்தையும் விற்கப்போவதாக அறிவித்துவிட்டது. ஜோர்டான் தள்ளாடிக்கொண்டிருந்தது. மினார்டி எப்போதுமே தள்ளாட்டம்தான், அதன் முதலாளி பால் ஸ்டாடார்ட் ஒவ்வொரு பந்தயத்திலும் யாராவது ஒருவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். செலவு என்ற பிரச்சினை உண்மையாகவே கழுத்துவரை வந்திருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். ஜாகுவாரை ரெட் புல் வாங்கியது. ஜோர்டான் 2005 ஜனவரியில் கைமாறியது. அந்த வருடக் கடைசியில் மினார்டியையும் ரெட் புல்லே வாங்கிவிட்டது.

ஒன்பது அணிகளும் பிறகு தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் 30 நாள்: சீசன் நடக்கும்போது ஒரு அணி 30 நாளுக்கு மேல் டெஸ்ட் செய்யக்கூடாது. ஃபெராரி மாட்டேன் என்றது. நாள் கணக்கு வேண்டாம், கிலோமீட்டர் கணக்கில் வரம்பு வைக்கலாம் என்றது. ஏன் இந்தப் பிடிவாதம்?

டயர்தான் காரணம். அப்போது இரண்டு டயர் கம்பெனிகள் போட்டியில் இருந்தன. 2005-ல் மிஷெலின் டயரில் மெக்லாரன், வில்லியம்ஸ், ரெனோ, பி.ஏ.ஆர்., டொயோட்டா, சாபர், ரெட் புல் என ஏழு அணிகள். பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஃபெராரி, ஜோர்டான், மினார்டி என மூன்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏழு அணிகள், ஆளுக்கு 30 நாள் என்றால் மிஷெலினுக்கு 210 நாள் தகவல் கிடைக்கும். பிரிட்ஜ்ஸ்டோனுக்குக் காகிதத்தில் 90. நிஜத்தில், அடுத்த மாதச் சம்பளத்துக்கே யோசிக்கிற ஜோர்டானும் மினார்டியும் எங்கே போய் டயர் டெஸ்ட் செய்வது? 30 நாளும் ஃபெராரியின் 30 நாள் மட்டுமே. இருநூற்றுப் பத்துக்கு முப்பது!

அது மட்டுமில்லை, 2005-ல் டயர் விதியே மாறியிருந்தது. தகுதிச் சுற்றிலிருந்து பந்தயம் முடியும் வரை ஒரே செட் டயர். முந்தைய வருடம் போல நடுவில் மாற்ற முடியாது. டயரைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வருடத்தில்தான் டெஸ்டிங்கைக் குறைப்போம் என்று ஏழு மிஷெலின் அணிகளும் கைதூக்கின. ஃபெராரி இதைப் பொறி என்று பார்த்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பிரிட்ஜ்ஸ்டோனில் ஒரே பெரிய அணியாக இருப்பது ஃபெராரியே விரும்பி அனுபவித்த ஏற்பாடு. டயர் கம்பெனி முழுக்கவும் ஷூமாக்கரின் ஓட்டும் பாணிக்கு, அந்த ஒரு காருக்கு ஏற்றபடி டயர் செய்துகொடுத்தது. அதை வைத்துத்தான் 15 வெற்றி. அந்த ஏற்பாடு லாபமாக இருந்தபோது "எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி" என்று அவர்கள் கேட்கவில்லை. தவிர, அதே ஒன்பது அணிகளும் எல்லாருக்கும் ஒரே டயர் கம்பெனி என்ற யோசனையையும் முன்வைத்திருந்தார்கள். அதற்குச் சம்மதித்திருந்தால் 210-க்கு 30 என்ற கணக்கே எழாது. என் அபிப்பிராயத்தில் இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள், இரண்டு தரப்பும் தனக்கு வசதியான பாதியை மட்டும் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் அரசியல் வேறு. 2005 ஜனவரியில் ஃபெராரி மட்டும் தனியாகப் போய் எக்லஸ்டோனோடும் எஃப்.ஐ.ஏ.-வோடும் 2012 வரை நீடிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. மற்ற கார் கம்பெனிகள் அப்போது தனிப் பந்தயத் தொடர் ஆரம்பிப்போம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டணியிலிருந்து முதலில் கழன்றுகொண்டவன் மேல் மற்றவர்களுக்கு எப்படிக் கோபம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டெஸ்டிங் சண்டையில் தெரிந்த உஷ்ணத்தில் பாதி இங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். மெல்போர்னில் முதல் பந்தயத்தில் ஸ்டாடார்ட் தன் மினார்டியைப் பழைய விதிப்படியான இறக்கைகளோடே ஓட்ட அனுமதி கேட்டார், பத்து அணியும் சம்மதிக்க வேண்டும், ஃபெராரி சம்மதிக்கவில்லை. மனுஷன் நேரே விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போய் தடையாணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்! கடைசியில் புது விதிப்படி பாகங்களை மாட்டித்தான் ஓட்டினார்கள், அது வேறு கதை.

முஜெல்லோவிலும் ஃபியோரானோவிலும் ஃபெராரி தன் இஷ்டத்துக்கு ஓட்டிக்கொண்டே இருந்தது. பலன்? 2005-ன் 19 பந்தயங்களில் 18-ஐ மிஷெலின் அணிகள் வென்றன. ஃபெராரிக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் இண்டியனாபோலிஸ். மிஷெலின் டயர் அந்த டிராக்கின் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்து, 14 கார்கள் ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு பிரிட்ஜ்ஸ்டோன் கார்கள். அந்த ஆறில் நான்காவதாக வந்தவர் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் வரலாற்றில் ஒரு இந்திய ஓட்டுநருக்குக் கிடைத்த முதல் புள்ளிகள், ஐந்து புள்ளிகள். ஆறு கார் ஓடிய பந்தயம் என்று சிலர் சிரிப்பார்கள். அன்றைக்கு அந்த டயரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் புள்ளி, அவ்வளவுதான்.

டெஸ்டிங் கட்டற்றுக் கிடந்தும் ஃபெராரி தோற்றது. டெஸ்டிங் எல்லாவற்றையும் வாங்கித் தராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நரேன் என்றதும் இன்னொரு கோணம் வருகிறது. டெஸ்டிங் என்பது பணக்கார அணியின் ஆடம்பரம் மட்டுமல்ல, வெளியிலிருந்து வருகிறவனுக்கு அதுதான் வாசல். நரேன் முதன்முதலாக ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்தது 2001-ல், ஜாகுவாரின் ஒரு டெஸ்டில். பிறகு ஜோர்டான், மினார்டி டெஸ்டுகள். அதற்கப்புறம்தான் 2005-ல் பந்தய இருக்கை. அடுத்த இரண்டு வருடம் வில்லியம்ஸில் டெஸ்ட் ஓட்டுநர். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கார் ஓட்டிப் பழகிய ஒருவன் தன்னால் முடியும் என்று ஐரோப்பிய எஞ்சினியர்களுக்குக் காட்ட வேறு என்ன வழி இருந்தது? வாசலை மூடும்போது இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

மூடியது 2008 டிசம்பரில். உலகப் பொருளாதாரச் சரிவு, ஹோண்டா ஒரே அறிவிப்பில் அணியை இழுத்து மூடியது. நாலு வருடம் பேசியும் முடியாதது ஒரே வாரத்தில் முடிந்தது. அதற்குள் மிஷெலின் விலகி, எல்லாருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் என்றும் ஆகியிருந்தது, அதனால் ஃபெராரியின் பழைய வாதமும் செத்துப்போயிருந்தது. 2008-ல் ஒரு அணிக்கு வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் வரம்பு, 2009-க்கு அது 15,000. அதைவிடப் பெரிய அடி, சீசன் தொடங்கிவிட்டால் டெஸ்டிங்கே கிடையாது. டெஸ்ட் குழுக்கள் கலைந்தன. வருடக்கணக்காக பார்சிலோனா, ஹெரெஸ், பால் ரிக்கார்ட் என்று சுற்றிய மெக்கானிக்குகள் பலருக்கு வேலை போனது. செலவுக் குறைப்பு என்ற சொல்லுக்கு நம் ஐ.டி. கம்பெனிகளில் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் அங்கேயும்.

தடை எப்படிக் கடித்தது என்று பார்க்க ஆறே மாதம் போதுமாக இருந்தது. 2009 ஜூலை, ஹங்கேரி. முன்னால் போன காரிலிருந்து கழன்று வந்த ஒரு ஸ்பிரிங் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் அடித்தது. அந்த சீசன் அவருக்கு முடிந்தது. ஓய்வில் இருந்த ஷூமாக்கரை ஃபெராரி திரும்பக் கூப்பிட்டது. அவர் மூன்று வருடமாகப் பந்தயம் ஓட்டவில்லை, புது காரைத் தொட்டதே இல்லை. ஒரு நாள் மட்டும் டெஸ்ட் செய்ய விடுங்கள் என்று ஃபெராரி கேட்டது. விதியைத் தளர்த்த எல்லா அணிகளும் சம்மதிக்க வேண்டும். வில்லியம்ஸ் மறுத்தது, ரெட் புல்லின் இரண்டு அணிகளும் மறுத்தன. அதே ஹங்கேரியில் டோரோ ரோஸோ 19 வயது ஹைமே அல்குவர்சுவாரியை முறையான டெஸ்ட் எதுவும் இல்லாமல்தான் இறக்கியது, பொடியனுக்கு இல்லாத சலுகை ஏழு முறை சாம்பியனுக்கு ஏன் என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஃபெராரி தன் இணையதளத்தில், பல வருடமாக எதையும் வெல்லாத ஓர் அணிதான் தடுக்கிறது என்று வில்லியம்ஸைக் குத்திக் காட்டியது. 2005-ல் "எங்கள் டிராக், எங்கள் இஷ்டம்" என்று நின்றவர்கள், நாலு வருடத்தில் தங்கள் சொந்த டிராக்கில் ஒரு நாள் ஓட்ட மற்றவர்களிடம் அனுமதி கேட்டு நின்றார்கள்.

ஷூமாக்கர் கழுத்துக் காயத்தால் விலகினார். அப்போது வந்தார் படோயர். பத்து வருடமாகப் பந்தயம் ஓட்டாதவர், கடைசியாக ஓட்டியது 1999-ல். உலகத்திலேயே ஃபெராரி காரை அதிகம் டெஸ்ட் செய்தவர்களில் ஒருவர், ஆனால் தடையால் அந்த வருடக் காரோடு பழக வாய்ப்பே இல்லாமல் போனவர். வலென்சியாவில் தகுதிச் சுற்றில் கடைசி. ஸ்பாவில் மறுபடி கடைசி. இரண்டே பந்தயம், தூக்கிவிட்டார்கள். பத்திரிகைகள் அவரைக் கிண்டலடித்த விதம் இன்றைக்குப் படித்தாலும் கசக்கிறது. பத்து வருடம் அடுத்தவன் வெற்றிக்காகச் சுற்றிச் சுற்றி வந்த மனிதருக்கு அந்த இரண்டு வாரம் மட்டும் பெயராக நின்றுவிட்டது.

இதைவிட மோசமானது 2010 பஹ்ரைன். புதிதாக வந்த ஹிஸ்பானியா அணி, ஓட்டுநர்களில் ஒருவர் சென்னைக்காரர் கருண் சந்தோக். சீசனுக்கு முந்தைய டெஸ்டிங் மொத்தம் 15 நாள், பிப்ரவரியில். அந்த நாட்களில் ஹிஸ்பானியாவின் கார் தயாராகவே இல்லை, பணமும் இல்லை. பழைய காலமாக இருந்தால் மார்ச்சில், ஏப்ரலில் எங்காவது ஒரு டிராக்கில் ஓட்டிச் சரிசெய்துகொள்வார்கள். இப்போது சட்டப்படி அது முடியாது. பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை முழுக்க மெக்கானிக்குகள் கருணின் காரைப் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை காலைப் பயிற்சியும் போனது. அந்தக் கார் வாழ்க்கையில் முதல்முறையாகச் சக்கரம் சுழற்றியது தகுதிச் சுற்றில்! உலகமே பார்க்கிற நேரத்தில் பிரேக் பிடிக்கிறதா, கியர் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார். முதல் இடத்தைவிடப் பத்து வினாடிக்கு மேல் பின்தங்கி, கடைசி. மறுநாள் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே கார் சுவரில் மோதி நின்றது.

எங்கள் தொழிலில் ஸ்டேஜிங் சர்வரே பார்க்காத ஒன்றை வெள்ளிக்கிழமை மாலை நேராக ப்ரொடக்‌ஷனில் ஏற்றினால் அந்த வாரக்கடைசி என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் எங்கள் கோடு மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு போவதில்லை.

அடுத்த வருடமும் அதே அணி, அதே கதை. 2011 மெல்போர்னில் புதுக் கார் சீசனுக்கு முன்பு ஓடவே இல்லை. இந்த முறை ஓட்டுநர் நரேன். அந்த வருடம் 107 சதவீத விதி திரும்ப வந்திருந்தது, அதாவது தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் பதிவான சிறந்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும். நரேனும் சரி, சக ஓட்டுநர் லியுட்ஸியும் சரி, எட்டவில்லை. பந்தயத்தில் ஓட அனுமதி இல்லை. 2012-ல் அதே மெல்போர்னில் நரேனுக்கு அதே முடிவு. சின்ன அணிகளைக் காப்பாற்றத்தான் டெஸ்டிங் தடை என்று சொன்னார்கள். பணம் இருக்கிறவனுக்குத் தடையால் நஷ்டம் கொஞ்சம், தயாராவதற்கே தாமதமாகிற ஏழைக்கு நஷ்டம் முழுசு. ஹிஸ்பானியா 2012-ஓடு மூடப்பட்டது. தடை இல்லாவிட்டால் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு வேறு வியாதிகளும் இருந்தன.

சரி, மிச்சமான பணம் எங்கே போனது? பெரிய அணிகளில் எங்கேயும் போகவில்லை. டிராக்கிலிருந்து கட்டடத்துக்குள் இடம் மாறியது. சிமுலேட்டர், காற்றுச் சுரங்கம், சூப்பர் கம்ப்யூட்டர். இதை முன்பே யோசித்து, 2009 விதியிலேயே காற்றுச் சுரங்கத்தில் 60 சதவீத அளவு மாடலுக்கு மேல் கூடாது, காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தார்கள். அணிகள் தங்களுக்குள் வளக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் என்றும் ஒன்று வைத்துக்கொண்டன, யார் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று. உடனே ரெட் புல் ஏமாற்றுகிறது என்று மற்றவர்கள் புகார், அதை ரெட் புல் மறுப்பு. 2011 டிசம்பரில் ஃபெராரியும் ரெட் புல்லும் அணிகளின் சங்கமான ஃபோட்டாவை விட்டே வெளியேறின. இதில் ஃபெராரியின் மனக்குறை புரிந்துகொள்ளக்கூடியதே: இரண்டு டிராக்கில் போட்ட முதலீடு முடங்கிக் கிடக்கிறது, எதிராளிகள் பலமாக இருக்கும் சிமுலேட்டரும் காற்றுச் சுரங்கமும் ராஜாவாகிவிட்டன. பயிற்சி செய்யத் தடையுள்ள ஒரே விளையாட்டு இதுதான் என்று மாண்டசெமோலோ மேடைக்கு மேடை புலம்பினார்.

2013-ல் நடந்தது இந்தச் சண்டையின் உச்சம். மெர்சிடிஸ் கார் அந்த வருடம் ஒரு சுற்றுக்குப் புலி, பந்தயத் தூரத்துக்கு டயரைத் தின்கிற பூதம். ஸ்பெயினில் முதல் இரண்டு இடங்களிலும் மெர்சிடிஸ் நின்றது, ராஸ்பெர்க், ஹாமில்டன். முடித்தது ஆறாவதும் பன்னிரண்டாவதும். மூன்று நாள் கழித்து, மே 15 முதல் 17 வரை, அதே பார்சிலோனா டிராக்கில் பிரெல்லி டயர் கம்பெனிக்காக மெர்சிடிஸ் 1,000 கிலோமீட்டர் ஓட்டியது. அந்த வருடக் காரோடு. அந்த இரண்டு ஓட்டுநர்களையே வைத்து. அவர்களுடைய வழக்கமான வண்ண ஹெல்மெட் இல்லாமல், அடையாளமில்லாத ஹெல்மெட் போட்டு. மற்ற அணிகளுக்குத் தெரியாது. அடுத்த பந்தயம் மொனாக்கோ, ராஸ்பெர்க் வென்றார். பந்தயத்துக்கு முன்பே விஷயம் கசிந்து, ரெட் புல்லும் ஃபெராரியும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருந்தன.

மொனாக்கோ டயரை அதிகம் தேய்க்காத டிராக், அந்த வெற்றியை டெஸ்டோடு முடிச்சுப் போடுவது கொஞ்சம் அவசரம். ஆனால் ஹெல்மெட்டை மாற்றியதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் எனக்கு ஒட்டவில்லை. ஒளிப்பதற்கு எதுவும் இல்லாதவன் முகத்தை ஏன் மாற்றுகிறான்?

பாரிஸில் எஃப்.ஐ.ஏ.-வின் தீர்ப்பாயம் கூடியது. மெர்சிடிஸின் வாதம்: எஃப்.ஐ.ஏ. அதிகாரி சார்லி வைட்டிங்கிடம் கேட்டோம், நிபந்தனையோடு சரி என்றார். பிரெல்லியின் வாதம்: இன்றைய கார்களுக்கு டயர் செய்யச் சொல்கிறீர்கள், டெஸ்ட் செய்யக் கொடுத்திருப்பது 2010-ம் வருட ரெனோ, நாங்கள் என்னதான் செய்வது? அந்த இரண்டாவது வாதத்தில் உண்மை இருந்தது. மெர்சிடிஸ் தரப்பில் சாட்சி சொன்ன அணித் தலைவர் யார் தெரியுமா, ராஸ் பிரான். 2005-ல் ஒன்பது அணியும் எதிர்த்து நின்றபோது ஃபெராரியின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த அதே பிரான். இப்போது ஃபெராரி புகார்தாரர், அவர் பிரதிவாதி!

தண்டனை வேண்டுமென்றால் ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நடக்கும் இளம் ஓட்டுநர் டெஸ்டிலிருந்து எங்களை விலக்குங்கள் என்று மெர்சிடிஸ் வக்கீலே யோசனை சொன்னார். தீர்ப்பாயம் ஒரு கண்டனம் எழுதிவிட்டு அப்படியே கொடுத்தது. ஒன்பது நாள் கழித்து பிரிட்டிஷ் பந்தயத்தில் பிரெல்லி டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஹாமில்டன், மாஸா, வெர்ன், பெரெஸ். பதறிப்போய் இளம் ஓட்டுநர் டெஸ்டில் பந்தய ஓட்டுநர்களும் புது டயரை ஓட்டிப் பார்க்கலாம் என்று மாற்றினார்கள். அதாவது லேசான தண்டனை என்று மெர்சிடிஸ் தானே கேட்டு வாங்கியது இரண்டே வாரத்துக்குள் கனமாகிவிட்டது. 2014-ல் சீசன் நடுவே டெஸ்டிங் கொஞ்சம் திரும்பி வந்தது. பந்தயம் முடிந்த டிராக்கிலேயே இரண்டிரண்டு நாளாக, நாலு தடவை.

இன்றைக்கு வருடாந்திரச் செலவுக்கே உச்சவரம்பு உண்டு, 2021-ல் 14.5 கோடி டாலரில் ஆரம்பித்தது. காற்றுச் சுரங்க நேரம் தலைகீழ் ரேஷன்: முந்தைய வருடம் முதலில் வந்தவனுக்கு 70 சதவீதம், பத்தாவதாக வந்தவனுக்கு 115. 2021 வரம்பை ரெட் புல் மீறியது தெரியவந்தபோது 70 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள், கூடவே காற்றியல் சோதனை நேரத்தில் இன்னொரு 10 சதவீதம் வெட்டு. எதிராளிகள் அந்தப் பத்து சதவீதத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அபராதத் தொகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோதனை நேரம்தான் அங்கே நாணயம்.

முஜெல்லோவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஃபெராரி வாங்கி 32 வருடம் ஆகியும் அங்கே ஒரு ஃபார்முலா ஒன் பந்தயம்கூட நடந்ததில்லை. கொரோனா வந்து பந்தய அட்டவணை கலைந்த 2020 செப்டம்பரில் முதல்முறையாக நடந்தது, ஃபெராரியின் ஆயிரமாவது பந்தயமாக. முதல் இரண்டு இடம் மெர்சிடிஸுக்கு. ஃபெராரி எட்டாவது, பத்தாவது.